செக்கிங்கக்கா வீட்டு லேப்டாப்

அந்தத் தெருவில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் செக்கிங்கக்காதான். துணி தைக்கும் கம்பெனி வாசலில், வேலை முடிந்து போகும் பெண்களின் பையைத் திறந்து, இடுப்பைத் தடவி, டிபன் பாக்ஸைக் குலுக்கிப் பார்த்து அனுப்புகிற வேலை அவளுக்கு. கம்பெனி மூடிப்போய் வேலை போனதே ஒழிய, பழக்கம் போகவில்லை. காய்கறிக்காரர் தராசை எடுத்தால் குனிந்து அடித்தட்டைப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் சீலை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக் குழந்தை பிறந்தநாள் மிட்டாய் நீட்டினால்கூட, "யாரு குடுத்துவிட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். இதைக் கெட்ட புத்தி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவள் நின்ற காலத்தில் ஒரு நூல்கண்டுகூட அந்த கேட்டைத் தாண்டியதில்லை. அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தெருவுக்கு அவர் வேன்காரர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல அளந்துதான் பேசுவார். "ம்" என்று ஒரு முறை சொன்னால் சம்மதம், அதையே இழுத்துச் சொன்னால் சம்மதமில்லை. வேனில் பிள்ளைகள் ரகளை செய்யும்போது மட்டும் "ஏய்" என்று ஒரு சத்தம் போடுவார், மொத்த வேனும் அடங்கிவிடும். அந்தக் குரல்தான் கரகரக்க ஆரம்பித்தது. சளி என்று கஷாயம் குடித்தார், வெந்நீரில் கொப்பளித்தார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில், தொண்டையில் கட்டி இருக்கிறது, குரல்வளையையே எடுத்தாக வேண்டும், ஆள் பிழைத்துவிடுவார், பேச்சு மட்டும் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். செக்கிங்கக்கா லேசில் விடுகிற ஆளா? ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போனாள். அவரும் அதையே சொன்னதும், இரண்டு பேரும் கூட்டு என்று மூன்றாவது ஆளைத் தேடிப் போனாள். அவரும் தலையை ஆட்டிய பிறகுதான், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சேதி கேட்டு அன்று சாயங்காலமே கொழுந்தன் வந்தான். வேன்காரருக்கு ஒரே தம்பி. ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் பார்க்கிறவன். அவனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. காரணம் ரொம்பப் பழசு. கல்யாணமான புதிதில், அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ரேடியோவை, "கொஞ்சம் இரையுது அண்ணி" என்று சொல்லிப் பிரித்தான். பிரித்தது பிரித்ததுதான், திரும்ப மாட்டவேயில்லை. அதிலிருந்து அவன் கிளம்பும்போதெல்லாம் அவள் கண் அவன் பைமேல் ஒரு முறை போய்வரும். அவனும் விடாக்கண்டன். பையை அகல விரித்துக் காட்டி, "போலாமா அண்ணி?" என்பான். அவள் சிரிக்கமாட்டாள்.

"அண்ணா, ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க குரலப் பதிஞ்சு வெச்சிடலாம்" என்றான் அவன். "தினமும் என்னென்ன பேசறீங்களோ, அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல பேசிப் போட்டுடுங்க. அப்புறம் பட்டன அமுக்கினா அது உங்க குரல்லயே சொல்லும். அதுக்குன்னு இனாமா ஒரு புரோகிராம் இருக்கு. விண்டோஸ் மாதிரி லினக்ஸ்னு இன்னொண்ணு இருக்கு, அதுலதான் ஓடும்."

"இனாமாவா?" செக்கிங்கக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. "யாரு குடுக்கறா?"

"எழுதினவங்க எல்லாருக்கும் பொதுவா விட்டிருக்காங்க அண்ணி. லினக்ஸும் அப்படித்தான்."

"சும்மா எதுக்கு விடணும்?"

அவன் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். வேன்காரர் கையைக் காட்டி அடக்கிவிட்டு, "ம்" என்றார். ஒரே முறை.

வேன்காரரின் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் தட்டித் தேய்த்த பழைய லேப்டாப்களை மலிவாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றை வாங்கிவந்தார். மட்டமான பிளாஸ்டிக். மூடியில் எவனோ காம்பஸ் முனையால் ஒரு மீசை கீறியிருந்தான். இன்டர்நெட் பார்க்கலாம், அவ்வளவுதான். அதைச் செய்த கம்பெனி அனுமதித்ததைத் தவிர வேறு எதையும் அது உள்ளே சேர்க்காது.

"இதுவும் உங்கள மாதிரிதான் அண்ணி" என்றான் கொழுந்தன். "ஆன் பண்ண உடனே உள்ள இருக்கற ஒவ்வொண்ணையும் தடவிப் பாக்கும். கம்பெனி சரக்கு இல்லன்னா ஓட விடாது."

பிளாஸ்டிக் டப்பாமேல் அவளுக்கு அப்போதுதான் ஒரு மரியாதை வந்தது. "அப்ப நீ அத எப்படி ஏமாத்தப் போற?"

"ஏமாத்தறதெல்லாம் இல்ல. அந்த செக்கிங்க நிறுத்தி வெக்கச் சொன்னா அதுவே நிறுத்திக்கும்."

அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். துவைத்த துணியை மடிக்கிற சாக்கில் அவள் அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்த மாதிரி. மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கினான். திரை வெள்ளையாகிக் கத்தியது. வெகுநேரம் காத்திருந்து ஒரு பென்டிரைவைச் செருகினான். கறுப்புத் திரையில் சாரைசாரையாக எழுத்து ஓடியது.

"என்ன ஓடுது?"

"லினக்ஸ் ஏறுது."

"எங்கேருந்து?"

"இந்த பென்டிரைவ்லேருந்து."

"அதுல வேற என்ன வெச்சிருக்க?"

"என் சொத்துப் பத்திரம்" என்றான் கொழுந்தன். ஒரே துண்டை அவள் நான்காவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

எழுத்தெல்லாம் ஓடி முடிந்து, ஒரு நீலத் திரை வந்து அமைதியாக நின்றது. அண்ணனுக்கு எப்படிப் பதிவது, எப்படி பட்டன் வைப்பது என்று சொல்லிக்கொடுத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"ஆன் பண்ணும்போதெல்லாம் ஒரு வெள்ளைத் திரை வரும் அண்ணி. கீச் கீச்னு கத்தும். கன்ட்ரோலையும் டியையும் சேத்து அமுக்கினா லினக்ஸ் வந்துடும். வேற எதையும் தொட்டுடாதீங்க."

"தொட்டா?"

"அதுவே ஸ்பேஸ அமுக்குன்னு சொல்லும். அது பேச்சக் கேட்டு அமுக்கினீங்கன்னா உள்ள இருக்கற மொத்தமும் போயிடும்."

இங்கேதான் வினை. கம்பெனி வாசலில் நின்றவளிடம் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லலாமா? 'அக்கா, அந்தப் பையை மட்டும் திறக்காதீங்க, உள்ள இருக்கறது கெட்டுடும்' என்று கெஞ்சிய பெண்ணின் பையில்தான் எப்போதும் திருட்டுத் துணி இருக்கும். தொடாதே என்றால் தொட வேண்டிய இடம் அது என்றுதான் அவள் இத்தனை காலம் சம்பளம் வாங்கியிருக்கிறாள்.

கொழுந்தன் இன்னொன்றும் கேட்டான். "ஒரு நாள் என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். முதுகத் திறந்து உள்ள ஒரு ஸ்க்ரூவ எடுத்துட்டு வேலை பாத்தா இந்த வெள்ளைத் திரையே வராது. அப்படியே அண்ணன் குரல ஒரு காப்பியும் எடுத்துக்கறேன்."

"மிஷின் வாசலத் தாண்டாது" என்றாள். "குரலும் தாண்டாது. அடுத்தவன் குரல்ல போன் போட்டு ஊரை ஏமாத்தறாங்கன்னு டிவில தினம் காட்டறான்."

"நான் அவர் தம்பி அண்ணி."

"அதனாலதான் சொல்றேன்."

அவன் பையை விரித்துக் காட்டிவிட்டுப் போனான்.

மறுநாளிலிருந்து வேன்காரர் டிரிப் முடிந்து வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். "தண்ணி வேணும்." "ஃபேனக் கொறை." "வலிக்கல." இதெல்லாம் அவள் காதில் விழுந்தது. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசாமல் விட்ட மொத்தத்தையும் இப்போதுதான் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் தம்பிக்காரன் வந்தால் மட்டும் இரண்டு பேரும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே முணுமுணுப்பு. நடுநடுவே சிரிப்பு. அவள் டீயோடு போய்க் கதவைத் தட்டினால் பேச்சு கப்பென்று நின்றுபோகும்.

"என்ன பதியறீங்க?"

"சும்மா" என்பார் வேன்காரர்.

சும்மா என்பது அவளைப் பொறுத்தவரை பதிலே அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகிற மனுஷன் தம்பியோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார் என்றால் என்ன அர்த்தம்? வீட்டை எழுதிவைக்கிறாரா? பிழைக்கமாட்டோம் என்று டாக்டர் தனியாகச் சொல்லி, அதைத் தன்னிடம் மறைக்கிறார்களா? சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், வேன் சாவியை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வீட்டில் அவள் மட்டும். மேஜைமேல் அந்த மீசை வைத்த மிஷின். சாத்திய கதவுக்குப் பின்னால் பேசியதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்து ஆன் செய்தாள்.

வெள்ளைத் திரை வந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி. அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் 'வெரிஃபிகேஷன்' என்ற வார்த்தை அவளுக்கு அத்துப்படி. கம்பெனி கேட் பாஸில் அவள் கையால் குத்திய முத்திரையில் இருந்த வார்த்தை அது. அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் 'ஆஃப்' என்று போட்டிருந்தது. செக்கிங் ஆஃப். பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காவல்காரனை உட்காரவைத்துவிட்டு உள்ளே என்னவோ நடத்துகிறான் தம்பிக்காரன். மறுபடி செக்கிங் வேண்டுமென்றால் ஸ்பேஸை அமுக்கு என்று கீழே அந்த மிஷினே கேட்டது. கீச் என்று கத்தவும் செய்தது.

அவள் ஸ்பேஸை அமுக்கினாள். நிச்சயம்தானா, அப்படியானால் என்டரை அமுக்கு என்றது. பொறுப்பான ஆள், மறுபடி கேட்டுக்கொள்கிறான் என்று நினைத்து என்டரையும் அமுக்கினாள். மிஷின் தன்பாட்டுக்கு என்னென்னவோ செய்தது. கடைசியில் பளிச்சென்று வர்ணவர்ணமாக ஒரு திரை வந்து, அவளை வரவேற்றது. நீலத் திரை இல்லை. தண்ணி வேணும் இல்லை. ஃபேனக் கொறை இல்லை. எதைத் தொட்டாலும் பேர் என்ன, ஊர் என்ன என்று அவளையே கேட்டது. கொழுந்தன் சொன்னது பொய்யில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூடியைச் சாத்தினாள்.

சாயங்காலம் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்தார்கள். மிஷினைத் திறந்ததும் கொழுந்தனின் முகம் செத்துப்போனது.

"எல்லாம் போச்சுண்ணா. யாரோ ஸ்பேஸ அமுக்கியிருக்காங்க." அவன் அவளைப் பார்த்தான். "அண்ணி, நீங்க எதாவது..."

"நான் தொடவே இல்ல" என்றாள்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குமேல் அதைத் திருப்பி எடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"இல்ல அண்ணி, தானா போகாது. கைமறதியா..."

"அவ தொடலன்னா தொடல" என்றார் வேன்காரர். கரகரத்த தொண்டையில் அந்தப் பழைய வேன் சத்தம் எங்கிருந்தோ வந்தது. "அவ யாரையும் நம்பமாட்டா, ஆனா பொய் சொல்லமாட்டா. நீதான் அரைகுறையா எதையோ பண்ணித் தொலச்சிட்டு இப்ப அவமேல போடற. அந்த ரேடியோ மாதிரி. எத நீ ஒழுங்கா மாட்டியிருக்க?"

"அண்ணா, இப்பவே திரும்ப ஏத்தறேன். ஒரு மணி நேரம் போதும். முடிஞ்சவரைக்கும் பேசிடலாம்."

"வேணாம். எடுத்துட்டுப் போ. மூஞ்சில முழிக்காத."

கொழுந்தன் மிஷினைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தான். வாசலில் பையை விரித்துக் காட்டவில்லை. அவள் கதவோரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். மனுஷர் வாயே திறக்கவில்லை. மிச்சமிருந்த கொஞ்ச நேரக் குரலையும் வீம்புக்கு வீணாக்கினார். அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, டிரிப்ஸ் சரியாகச் சொட்டுகிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் இவர் உள்ளே போனால், தம்பியிடம் இவர் சொந்தக் குரலில் கடைசியாகப் பேசியது 'மூஞ்சில முழிக்காத' என்பதுதான். அதுவும் அவள் செய்ததற்கு. இந்த நினைப்பு வந்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் நர்ஸ் வந்து பச்சை அங்கியை மாட்டிவிட்டுப் போனதும், கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னங்க. நான்தான் அமுக்கினேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி தொடாதன்னுதான் சொல்லுச்சு. நான்தான் நம்பல. செக்கிங் ஆஃப்னு போட்டிருந்துச்சு. கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் என்னத்தையோ மறைக்கறீங்கன்னு நினைச்சு..." அதற்குமேல் வரவில்லை. அழுகைதான் வந்தது.

வேன்காரரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகிக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"செக்கிங் ஆஃப்னு போட்டிருந்துச்சா?" என்றார். "அப்ப நீ எப்படி சும்மா இருப்ப."

"கதவச் சாத்திக்கிட்டு அப்படி என்னங்க பதிஞ்சீங்க?" இந்த நிலைமையிலும் கேட்காமல் இருக்க முடியவில்லை அவளுக்கு.

"உன் கேள்விக்கெல்லாம் பதில்."

"என்னது?"

"எங்க போனீங்க, யாரு போன்ல, ஏன் லேட்டு, இந்தச் சட்டைல என்ன கறை. குரல் போச்சுன்னு நீ கேக்காம விட்டுடுவியா? எல்லாத்துக்கும் ஒரு பட்டன் வெச்சோம். தம்பிதான் உன்ன மாதிரி கேப்பான், நான் பதில் சொல்லுவேன்." மூச்சு வாங்கியது. கையை நீட்டினார். "போன எடு."

அவளே எண்ணைத் தட்டி அவர் காதில் வைத்தாள். எடுக்கமாட்டான் என்று பயந்தாள். எடுத்துவிட்டான்.

"டேய், நான்தாண்டா" என்றார். "அந்தப் பட்டன நான்தான் அமுக்கினேன். அதுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வரல. பேசினதெல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டுப் பாக்கலாம்னு தொறந்தேன். என்னமோ வெள்ளையா வந்துச்சு, எதையோ தட்டிட்டேன். ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. அந்த எரிச்சல உன்மேல காட்டிட்டேன். மனசுல வெச்சுக்காத."

போனைப் பிடித்தபடியே அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அவள் பக்கமே பார்க்கவில்லை.

"உங்கண்ணிக்கு இது தெரியாது. தெரிஞ்சா ஆயுசுக்கும் என்னக் கேள்வி கேட்டே கொன்னுடுவா. சொல்லிடாத. சரியா?"

அந்தப் பக்கம் அவன் அழுவது அவளுக்குக் கேட்டது. "வரேண்ணா, இதோ கிளம்பிட்டேன்" என்றான். அவன் வந்து சேர்வதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. ஆபரேஷன் அறைக் கதவுவரைக்கும் வேன்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனார், அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, தொண்டையில் ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தார். வந்த வாரமே கொழுந்தன் மிஷினோடு வந்தான். முதுகைத் திறந்து அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு லினக்ஸைப் புதிதாக ஏற்றியிருந்தான். இப்போது வெள்ளைத் திரை கிடையாது, கத்தல் கிடையாது. அண்ணன் எழுத்தைத் தட்டினால் அது பேசும். குரல்தான் வேறு யாருடையதோ. தெரியாத ஆள் ஒருவன் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு "தண்ணி வேணும்" என்று கேட்பதுபோல இருந்தது. வேன்காரர் இரண்டு மூன்று வார்த்தை தட்டிப் பார்த்துவிட்டு, களைப்பில் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

கொழுந்தன் டீ டம்ளரோடு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உங்கமேல சந்தேகப்பட்டுக் கேட்டுட்டேன். மன்னிச்சுடுங்க. அது என் தப்புதான். நான்தான் சரியா போடல, அதான் அழிஞ்சு போச்சு."

அவள் அடுப்பை அணைத்தாள். செய்யாத தப்பை இவன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு தன் முன்னால் நிற்கிறான். அண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காக நிற்கிறான். உண்மையைச் சொல்லிவிடலாம், நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் இவன் மேல் இருக்கிற பழி போகும். ஆனால் இவன் அண்ணன் வாயால் இவன் கடைசியாகக் கேட்டது அத்தனையும் பொய் என்று ஆகிவிடும்.

"உன்மேல தப்பு இல்ல தம்பி" என்றாள்.

"இல்ல அண்ணி, நான்தான்..."

"உன்மேல தப்பு இல்லன்னு எனக்குத் தெரியும்."

அவன் டம்ளரை இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணன் உங்ககிட்டயும் சொல்லிட்டாரா?"

செக்கிங்கக்கா அறைப் பக்கம் பார்த்தாள். கட்டிலில் அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டாரு" என்றாள். "அவருதான் அமுக்கினாராம்."

கொழுந்தன் பெருமூச்சு விட்டான். சுமை இறங்கிய மாதிரி இருந்தது அவன் முகம். "பாவம் அண்ணி. தெரியாம செஞ்சுட்டாரு. இதப் பத்தி அவர ஒண்ணும் கேட்டுடாதீங்க."

"கேக்கமாட்டேன்" என்றாள்.